சராசரி போட்ட கட்டங்கள்

மீட்டரையும் தராசையும் போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில், ஒரு நீல பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு வந்தோம். பாவம், இந்த ஏழு நாளும் அவர்கள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் டோக்கன் பதினேழு. உள்ளே போயிருப்பது பதினாறு.

நடுவில் வந்து சேர்ந்தவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். அவன் குடிநீர் வாரியத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறவன். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது, மற்றபடி ஊருக்கே அவன் மீட்டர். அவள் பேக்கரியில் மாவு பிரிக்கிறவள். ஐம்பது கிராம் உருண்டை வேண்டும் என்றால் அவள் விரல் கிள்ளி எடுப்பது ஐம்பதே கிராம். அதனால் தராசு. இப்போது மூன்று மாதமாக லீவு.

வயிற்றில் முப்பத்து மூன்று வாரக் குழந்தை. வாரத்துக்கு ஏற்ற வளர்ச்சி இல்லை. போன ஸ்கேனில் ஒன்றேகால் கிலோவுக்குச் சற்று மேல். "பிறந்ததும் உங்க கையில குடுக்க மாட்டோம். நேரா சிறப்பு வார்டுக்குப் போயிடும். எத்தனை நாள்னு இப்ப என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டரம்மா சொல்லி இரண்டு வாரம் ஆகிறது. நுரையீரல் பலப்பட ஊசியும் போட்டாகிவிட்டது. அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் முழுசாக உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டதில்லை.

மூன்றாவது ஆள் அவளுடைய அப்பா. டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிறார். கற்றுக்கொள்கிறவர்களின் பக்கத்தில் இருபத்தைந்து வருஷம் உட்கார்ந்து, ஆபத்து என்றால் காலடியில் உள்ள இரண்டாவது பிரேக்கை மிதித்து மிதித்து, இப்போது பஸ்ஸில் போனாலும் மிதிக்கிறார், டிவி பார்த்தாலும் மிதிக்கிறார். பிரேக் மாமா என்று பெயர். இந்த வியாழக்கிழமை காலையும் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து தரையை மிதித்துக்கொண்டிருந்தார்.

"பதினேழு" என்று நர்ஸ் கூப்பிட்டாள்.

தராசு எழுந்தாள். மீட்டர் மஞ்சள் அட்டையை எடுத்துக்கொண்டு பின்னால் போனான்.

இந்த அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தினமும் சாயங்காலம் அவள் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து, குழந்தையின் அசைவை எண்ண வேண்டும். பத்து அசைவு வர எத்தனை நிமிஷம் ஆகிறதோ, அதைக் கட்டத்தில் எழுத வேண்டும். வழக்கத்தைவிட அதிக நேரம் பிடித்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் இருக்கக் கூடாது, ஓடி வந்துவிட வேண்டும். எண்ணுவது அவள். சொன்னதை எழுதுவது அவன். அவன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், கட்டத்தைத் தாண்டாது.

டாக்டரம்மா காலையில் எடுத்த ஸ்கேனைப் பார்த்தார். தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் எப்படி இருக்கிறது என்று பார்க்கிற ஸ்கேன் அது. பேனாவால் மேசையைத் தட்டினார்.

"ரத்த ஓட்டம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ரெண்டுங்கெட்டானா இருக்கு. இதை மட்டும் வச்சுப் பாத்தா இன்னிக்கே அட்மிட் பண்ணிக்கச் சொல்லுவேன்." பிறகு அட்டையை வாங்கி விரலால் வரிசையாக வந்தார். "இருபத்தி நாலு, இருபத்தி ஏழு, இருபத்தஞ்சு, இருபத்தாறு, இருபத்தாறு, இருபத்தாறு. கடிகாரம் மாதிரி இருக்கானே உங்க புள்ள. அசைவு இவ்வளவு சீரா இருக்கும்போது அவசரப்பட வேண்டாம். வீட்டுக்குப் போயிட்டுத் திங்கட்கிழமை வாங்க."

மீட்டர் வாயைத் திறந்தான். உடனே மூடிக்கொண்டான்.

ஏனென்றால் கடைசி இரண்டு இருபத்தாறும் அவன் போட்டது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் படுத்ததுமே தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரவில்லை. நேற்று, புதன்கிழமை, பெரிய சண்டை. அவன் ஆசை ஆசையாக ஆறு குட்டிச் சட்டை வாங்கி வந்திருந்தான். அவள் ஒன்றை விரித்துப் பார்த்தாள். "இது மூணு கிலோ குழந்தைக்கு. நம்மளுது இதோட ஒரு கைக்குள்ளயே அடங்கிடும். யாருக்குங்க வாங்கினீங்க?" என்று கேட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். எண்ணவும் இல்லை, பேசவும் இல்லை.

கட்டம் காலியாக இருந்தது. காலிக் கட்டம் என்றால் மீட்டருக்குக் கை அரிக்கும். பதினொரு வருஷமாக, வீடு பூட்டியிருந்தால் அவன் என்ன செய்வான்? முந்தைய மாதங்களைக் கூட்டி வகுத்துச் சராசரியைப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவான். வாரியமே அனுமதித்த வழி அது, யாரும் குற்றம் சொல்ல முடியாது. அப்படித்தான் இதையும் போட்டான். போடும்போது அது பொய் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

டாக்டரம்மா "வீட்டுக்குப் போங்க" என்று சொன்னதும் தராசின் தோள் கொஞ்சம் தளர்ந்ததை அவன் பார்த்தான். இரண்டு வாரத்தில் முதல்முறை. அதைக் கெடுக்க நாக்கு எழவில்லை. அதற்குள் நர்ஸ் பதினெட்டைக் கூப்பிட்டுவிட்டாள்.

வெளியே வந்ததும் மாமா எழுந்து நின்றார். "என்ன மாப்பிள்ள, பயப்பட ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல மாமா" என்றான் மீட்டர்.

* * *

அன்று அவனுக்குப் போட்டிருந்தது நான்காவது வட்டம். நூற்றிருபது வீடு. முதல் வீட்டில் கைமெஷினில் எண்ணைத் தப்பாக அடித்தான், அழித்தான், மறுபடி அதே தப்பை அடித்தான். மூன்றாவது வீட்டில் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு மீட்டரைத் தேடினான். "என்ன தம்பி, மீன் புடிக்கிறீங்களா?" என்று அந்த வீட்டுக்காரம்மா கேட்டார்.

தெருமுனையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டான்.

"அசையுதா?"

"அசையுது. வேலையைப் பாருங்க" என்றாள் தராசு.

பத்து வீடு தாண்டி மறுபடி போட்டான்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். என்ன, மணிக்கு ஒரு தடவை ரீடிங் எடுக்கிறீங்களா?"

சொல்லிவிடலாம் என்று நினைத்தான். போனில் சொன்னால் பயந்துபோவாள். சாயங்காலம் நேரில் சொல்லலாம். சாயங்காலம் எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லலாம். எண்ணிக்கை சரியாக வந்துவிட்டால் சொல்லவே வேண்டாமே. இப்படி ஒன்றன்பின் ஒன்றாகச் சாக்குகள் வரிசையில் வந்து நின்றன. ஒவ்வொன்றும் வாசலில் நின்று தலையாட்டிவிட்டுப் போயிற்று.

நாற்பத்தோராம் எண் வீடு. மூன்று மாதமாக எப்போது வந்தாலும் பூட்டு. மூன்று முறையும் சராசரி பதினெட்டு போட்டிருக்கிறான். இன்று கேட் திறந்திருந்தது. ஒரு பெயின்டர் ஏணியில் நின்று ஜன்னல் கம்பிக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

"வீட்டுல ஆள் இருக்காங்களா?"

"ஆளா? காலி பண்ணிட்டுப் போயி நாலு மாசம் ஆச்சே. அடுத்த மாசம்தான் வேற ஆள் வராங்க."

மீட்டர் குனிந்து மூடியைத் தூக்கினான். எண்கள் நான்கு மாதத்துக்கு முன்னால் அவன் கண்ணால் பார்த்து எழுதிய இடத்திலேயே நின்றன. ஒரு சொட்டு ஓடவில்லை. இவன் மாதா மாதம் பதினெட்டு பதினெட்டாக எழுதிக்கொண்டிருந்த நாட்களில் இந்த வீட்டில் மூச்சுவிடக்கூட ஆள் கிடையாது.

கைமெஷினை அணைத்துப் பைக்குள் போட்டான். எண்பது வீடு பாக்கி இருந்தது. திரும்பிப் பார்க்காமல் மெயின் ரோட்டுக்கு ஓடினான். ஓடிக்கொண்டே மாமாவுக்குப் போன் போட்டான்.

"மாமா, வண்டி எடுத்துட்டு வாங்க. உடனே வீட்டுக்குப் போகணும். தண்ணி டேங்க் முக்குல நிக்கிறேன்."

"கிளாஸ்ல இருக்கேனே மாப்பிள்ள."

"அப்படியே வாங்க."

அப்படியேதான் வந்தார். கூரையில் டிரைவிங் ஸ்கூல் போர்டு வைத்த கார், தள்ளுவண்டிக்கு வழிவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தது. ஸ்டீயரிங்கில், அன்றுதான் மூன்றாம் நாள் வகுப்புக்கு வந்திருந்த ஒரு பல் டாக்டர். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணை இமைக்காமல் ஓட்டினார். மீட்டர் பின்சீட்டில் ஏறினான்.

"என்ன ஆச்சு?" என்றார் மாமா.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன்."

"செகண்ட் போடுங்க" என்றார் மாமா. அது பல் டாக்டருக்கு. வண்டி உறுமியதே தவிர வேகம் எடுக்கவில்லை. ஒரு சைக்கிள் முந்திக்கொண்டு போயிற்று. மாமாவின் முகம் மாறிவிட்டது. வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, பல் டாக்டரைப் பக்கத்து சீட்டுக்கு மாற்றிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்தார். இருபத்தைந்து வருஷமாக மெதுவாகப் போகக் கற்றுக்கொடுத்த மனிதர் அன்று போன வேகத்தில், இப்போது பல் டாக்டரின் கால் பிரேக்கைத் தேட ஆரம்பித்தது.

* * *

தராசு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். டிவி ஓடவில்லை, கையில் புத்தகமும் இல்லை. சும்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா பல் டாக்டரை ஆட்டோவில் ஏற்றிவிட வெளியே நின்றுவிட்டார்.

மீட்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"செவ்வாய்க்கிழமையும் நேத்தும் அட்டையில நானா எழுதிட்டேன். நீ எண்ணல. நான் சராசரி போட்டுட்டேன்."

அவள் அவன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டு. என்ன வேணா சொல்லு. காலையிலயே டாக்டர்கிட்ட சொல்லியிருக்கணும். வாய் வரல."

"பாத்தேன்" என்றாள் தராசு.

"என்ன பாத்தே?"

"டாக்டர் ஒவ்வொண்ணா படிச்சாங்களே. ரெண்டு நாள் நான் எண்ணலன்னு எனக்குத் தெரியாதா? நீங்க எழுதினதுதான்னு தெரியும்." குரல் தேய்ந்தது. "நானும் வாயை மூடிக்கிட்டேன். வீட்டுக்குப் போகலாம்னு சொன்னாங்க இல்ல. அதைக் கேக்கணும்போல இருந்துச்சு எனக்கு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில், ஒரே தப்பை ஒரே நாற்காலி வரிசையில் உட்கார்ந்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் செய்தது இதுதான் முதல் தடவை.

"படு. இப்ப எண்ணலாம்" என்றான் அவன்.

அவள் சோபாவில் இடது பக்கமாகப் படுத்தாள். அவன் உள்ளங்கையை வயிற்றின் மேல் வைத்தான். இந்த முறை அவள் சொல்லி அவன் எழுதுவதாக இல்லை. தானே எண்ணுவது என்று முடிவு.

பத்து நிமிஷம் ஆயிற்று. ஒன்று. பலமான உதை இல்லை, யாரோ தூக்கத்தில் புரண்டது போல ஒரு சின்ன நகர்வு.

இருபத்தைந்து நிமிஷம். இரண்டு. மாமா உள்ளே வந்து, என்ன ஏது என்று கேட்காமல் வாசற்படியிலேயே நின்றார்.

நாற்பது நிமிஷம். மூன்று. "இப்ப வந்துச்சா?" என்றான் மீட்டர். "இல்ல, அது என் மூச்சு" என்றாள் தராசு. அவள் நெற்றியில் வியர்த்திருந்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அதற்கு மேல் அவனால் உட்கார முடியவில்லை.

"மாமா, வண்டிய எடுங்க."

* * *

காலையில் "கடிகாரம் மாதிரி" என்று சிரித்த டாக்டரம்மா, மத்தியானம் மூன்று மணிக்கு அவர்களைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. மூன்றே அசைவு என்றும், அட்டையில் சிலது தானாகப் போட்டது என்றும் மீட்டர் வாசலிலேயே சொல்லிவிட்டதால் கேள்வியும் கேட்கவில்லை. தராசைப் படுக்க வைத்து, வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டச் சொன்னார். மெஷினிலிருந்து குதிரை ஓடுகிற மாதிரி சத்தம் வந்தது. குழந்தையின் இதயத் துடிப்பு. மீட்டர் மெஷினுக்கு இன்னும் கிட்டே போய் நின்றான். இருக்கிறது, ஓடுகிறது.

காகிதம் நீளமாக வெளியே வந்துகொண்டிருந்தது. ஓட்டம் ஓரிடத்தில் தயங்கியது. நடந்தது. பிறகு மறுபடி ஓடியது. நர்ஸும் டாக்டரம்மாவும் கண்ணால் பேசிக்கொண்டார்கள். இன்னொரு முறை தயங்கியது. இந்த முறை இன்னும் கொஞ்ச நேரம்.

"அட்டையைக் குடுங்க" என்றார் டாக்டரம்மா. "இதுல எதெல்லாம் நிஜம், எதெல்லாம் நீங்களா எழுதினதுன்னு சொல்லுங்க. கோபப்பட எனக்கு நேரமில்ல. சரியா சொன்னா போதும்."

மீட்டர் பேனாவை எடுத்து செவ்வாயையும் புதனையும் அடித்தான். "இந்த ரெண்டும் டாக்டர். நான் செஞ்ச தப்பு. மத்ததெல்லாம் நிஜம்."

"இல்ல" என்றாள் தராசு.

அவன் திரும்பினான்.

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "சனிக்கிழமையும் அடிங்க. ஞாயிறு, திங்கள் எல்லாத்தையும் அடிங்க. சனிக்கிழமை நாப்பது நிமிஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை அம்பத்தஞ்சு. திங்கட்கிழமை ஒண்ணேகால் மணி. அரைமணிக்குள்ள ஒரு நம்பரச் சொல்லிட்டு, நீங்க எழுந்து போனதுக்கு அப்புறம் படுத்தே எண்ணிக்கிட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை நான் தூங்கல. தூங்கற மாதிரி படுத்திருந்தேன். நேத்து சட்டைக்காகச் சண்டை போட்டது எண்ணாம இருக்கத்தான்."

மீட்டரின் கையில் பேனா நின்றுவிட்டது. அவன் கூட்டி வகுத்துப் போட்ட சராசரி, அவள் சொன்ன பொய்களின் சராசரி.

"ஏம்மா?" என்றார் டாக்டரம்மா. முதல்முறையாக அவர் குரல் இறங்கியிருந்தது.

"நீங்கதான சொன்னீங்க. உள்ள இருக்கிற ஒவ்வொரு நாளும் இருபது கிராம் ஏறும்னு. வெளிய வந்துட்டா அதை ஏத்தறது கஷ்டம்னு." தராசு தன் வலது கையை உயர்த்தி, கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் லேசாகச் சேர்த்துக் காட்டினாள். "இருபது கிராம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும் டாக்டர். இவ்வளவு மாவு. அஞ்சு நாள்னா நூறு கிராம். ஒரு பன்னு அளவு. அதைச் சேத்துக் குடுத்துட்டு வந்துடலாம்னு பாத்தேன்."

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து மெதுவாகக் கீழே வைத்தார். அந்த நூறு கிராம் ஏறியிருக்கிறதா என்று அவர் சொல்லவில்லை. அசைவைக் குறைத்துக்கொண்ட குழந்தை வளர்வதற்காகக் குறைப்பதில்லை என்று அவருக்குத் தெரியும். அதைச் சொல்ல இது நேரமில்லை.

"இன்னிக்கே எடுத்துடலாம்" என்றார். "ஒரு மணி நேரத்துக்குள்ள. சிறப்பு வார்டுல சொல்லி இன்குபேட்டர் தயாரா வைக்கச் சொல்றேன். அழுதா நல்லது. அழலைன்னாலும் பயந்துடாதீங்க, பக்கத்துலயே குழந்தை டாக்டர் நிப்பாரு."

நர்ஸ் கையெழுத்து வாங்கக் காகிதம் கொண்டுவந்தாள். மீட்டர் போட்டான். அச்சு மாதிரி இருக்கும் அந்தக் கையெழுத்து அன்று கட்டத்தைத் தாண்டிப் போயிற்று.

அவளைத் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்தான். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஐந்து நாள் என்று நினைக்கும்போது பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தனியாகப் படுத்துக்கொண்டு, ஒன்றேகால் மணி நேரம் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு கிடந்தவளை நினைத்ததும் அது நிற்க இடம் இல்லாமல் போய்விட்டது.

"என்மேல கோபமா?" என்றாள்.

"ஆமா" என்றான். "அது அப்புறம். இப்ப கைய விடாத."

கதவு வரைக்கும்தான் விட்டார்கள். இரண்டு கதவுகளும் ஆடி ஆடி நின்றன. அவன் திரும்பினால், வராந்தாவின் கடைசியில் மாமா நின்றுகொண்டிருந்தார். கார் சாவி கையில். காலையிலிருந்து இப்போது வரை அவருக்கு யாரும் எதையும் முழுசாகச் சொல்லவில்லை. அவர் கிட்டே வந்தார். மருமகன் முகத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார்.

"பயப்பட ஒண்ணும் இல்லையே மாப்பிள்ள?"

காலையில் கேட்ட அதே கேள்வி. அதற்கான பதில் பழக்கதோஷத்தில் நாக்கு நுனி வரை வந்தது. மீட்டர் அதை விழுங்கினான்.

"இருக்கு மாமா" என்றான். "இப்படி உக்காருங்க. எல்லாத்தையும் சொல்றேன்."

மாமா நீல பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய கால் தரையை மிதிக்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வேகமாக ஓடும் செருப்புச் சத்தம் கேட்டது, பிறகு இன்னொருவர் ஓடும் சத்தம். குழந்தையின் சத்தம் எதுவும் இன்னும் கேட்கவில்லை.